போட்டியும் இல்லை, பரிசும் இல்லை. இசை மாநாட்டில் ஸ்கூல் கொயர் பாடி என்ன ஆகப்போகிறது?

கேள்வி இது: "என் மகள் எட்டாம் வகுப்பு. மாநில அளவில் நடக்கும் இசை ஆசிரியர் மாநாட்டில் அவள் ஸ்கூல் கொயர் பாடப் போகிறதாம். இரண்டு மாதமாக வாரம் மூன்று நாள் ரிகர்சல். போட்டி இல்லை, மார்க் இல்லை, பரிசும் இல்லை. இதனால் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே ஏதாவது பயன் உண்டா?"

நான் பெங்களூரில் காக்ஸ் டவுன் பக்கம் ஒரு பள்ளியில் பாட்டு மிஸ். அதனால் என் பதில் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன வருஷம் நாங்களும் இப்படி ஒரு மாநாட்டுக்குப் போனோம். அதற்கு முந்தின வாரம் ஒரு அம்மா ஸ்கூல் கேட்டில் என்னை நிறுத்தி, "மிஸ், சர்டிபிகேட்டாவது குடுப்பாங்களா?" என்று கேட்டார். குடுப்பாங்க என்றேன். கலந்துகொண்டதற்கு ஒரு தாள். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலில் அங்கே யார் உட்கார்ந்து கேட்கிறார்கள் என்று பாருங்கள். ஆண்டு விழாவில் முன் வரிசை முழுக்கப் பெற்றோர். ஒவ்வொருவரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தன் பிள்ளையை மட்டும் தேடுவார்கள். பாட்டு சுருதி விலகினாலும் கைதட்டல் உண்டு. மாநாட்டில் எதிரே இருப்பது மற்றப் பள்ளிகளின் பாட்டு ஆசிரியர்கள், சர்ச் கொயர் மாஸ்டர்கள், கல்லூரியில் இசை படிக்கும் பிள்ளைகள். உங்கள் மகள் யார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. பாட்டை மட்டும் கேட்பார்கள். எங்கள் பிள்ளைகள் மேடை ஏறியபோது அந்த அமைதியைப் பார்த்துத்தான் பயந்தார்கள். "மிஸ், யாருமே பேசலையே" என்று காதோடு காதாகச் சொன்னாள் ஒருத்தி. அப்படி ஒரு கூட்டத்துக்கு முன்னால் அவர்கள் அதுவரை பாடியதே இல்லை.

அமெரிக்காவில் இது பெரிய விஷயம். டெக்சாஸில் வருஷா வருஷம் பிப்ரவரியில் சான் அன்டோனியோ நகரத்தில் இசை ஆசிரியர் மாநாடு கூடும். பள்ளி, பல்கலைக்கழகக் குழுக்கள் அதில் பாட அழைப்பு வராதா என்று காத்திருக்கும். இந்த மாதிரி மாநாடுகளுக்குக் குழுவின் பெயரை மறைத்துவிட்டு ஒலிப்பதிவை மட்டும் கேட்டு ஆள் எடுப்பது அங்கே வழக்கம். நம் ஊரில் அவ்வளவு கெடுபிடி இல்லை. நான் போனில் பதிந்து அனுப்பினேன், பன்னிரண்டு நிமிஷம் தருகிறோம் என்று பதில் வந்தது, அவ்வளவுதான்.

ஆனால் போட்டி இல்லை என்பதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நம் பல்கலைக்கழக இளைஞர் விழாக்களில் குழுப்பாட்டுக்கு என்ன விதி தெரியுமா? அதிகபட்சம் 6 பேர் பாடலாம், 3 பேர் வாசிக்கலாம், 10 நிமிஷத்துக்குள் முடிக்க வேண்டும். கல்லூரியிலேயே நன்றாகப் பாடுகிற ஆறு பேரைப் பொறுக்கி அனுப்பினால் வேலை முடிந்தது. ஏழாவது ஆளுக்கு அங்கே இடமே கிடையாது. சுமாராகப் பாடுகிற பிள்ளையும் சேர்ந்து நிற்கிற பெரிய குழுவுக்கு மேடை கிடைப்பது இந்த மாதிரி மாநாட்டில்தான்.

இதில் என் சொந்தக் கடுப்பும் கொஞ்சம் இருக்கிறது. நான் ஆறாம் வகுப்பு படித்தபோது ஒரு பாட்டு டீச்சர் என்னிடம், "நீ வாயை மட்டும் அசை, சத்தம் வரக்கூடாது" என்றார். இரண்டு வருஷம் அப்படியே நின்றேன். வரிசையில் நின்றேன், போட்டோவில் இருக்கிறேன், பாடவில்லை. அப்புறம் அப்பா எங்கள் தமிழ் சர்ச்சில் ஆல்டோ வரிசையில், அதாவது பெண்களில் கீழ்க்குரல் பாடுகிறவர்கள் வரிசையில், கொண்டுபோய் நிறுத்தினார். உன் குரல் கீழே இருக்கிறது, மேலே இழுத்தால் எப்படி வரும் என்று அந்த கொயர் மாஸ்டர் கேட்டது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அதனால் என் குழுவில் வாயசைப்புக்கு இடமில்லை. முப்பத்து நாலு பேர் போனோம், முப்பத்து நாலு பேரும் பாடினார்கள்.

ரிகர்சலில் அப்படி என்னதான் செய்கிறார்கள் என்று நீங்கள் கேட்கலாம். வாரம் மூன்று நாள், முக்கால் மணி நேரம், எட்டு வாரம். கூட்டிப் பார்த்தால் 18 மணி நேரம். எங்களுக்கு அதில் பாதி ஒரே ஒரு 'ம்'-க்குப் போனது. பாரதியார் வரிகள் சிலவற்றை மூன்று பார்ட்டில், அதாவது ஒரே நேரத்தில் மூன்று வேறு மெட்டு வரிகளாக, எடுத்திருந்தோம். (இது என் கண்டுபிடிப்பு இல்லை. எம்.பி.சீனிவாசன் மெட்ராஸ் யூத் கொயரை வைத்து பாரதியைப் பல குரலில் பாட வைத்தவர். சேர்ந்திசை என்ற சொல்லே எங்களுக்கெல்லாம் அவர் வழியாகத்தான் பழக்கம்.) தமிழில் எத்தனை சொல் 'ம்'-இல் முடிகிறது பாருங்கள்: வேண்டும், எல்லாம், காலம், வானம். தனியாகப் பாடுகிறவர் எப்போது வாயை மூடினாலும் தெரியாது. முப்பத்து நாலு பேர் முப்பத்து நாலு விதமாக மூடினால் வரியின் கடைசியில் தேனீக் கூட்டம் கலைந்த மாதிரி இருக்கும். உயிரெழுத்தை நீட்டி, என் கை மூடும்போது எல்லோரும் சேர்ந்து மூட வேண்டும். இதற்குப் பாட்டு ஞானம் வேண்டாம். பக்கத்தில் இருப்பவள் எப்போது மூடுகிறாள் என்று காது கொடுத்தால் போதும். அந்தப் பழக்கம் வர மூன்று வாரம் ஆனது.

கன்னடத்தில் இந்தத் தொல்லை குறைவு, சொற்கள் பெரும்பாலும் உயிரில்தான் முடியும். ஆனால் பழைய கன்னட பக்திக் கவி பசவண்ணரின் வசனம் ஒன்றை (அவருடைய சிறு பாடல்களுக்கு அந்தப் பெயர்) எடுத்தபோது வேறு சிக்கல் வந்தது. வீட்டில் தமிழ் பேசுகிற பிள்ளை, கன்னடம், தெலுங்கு, உருது பேசுகிற பிள்ளை, ஒவ்வொன்றும் ஒரு எகரம் வைத்திருக்கிறது. ஒரு எகரத்தை முப்பத்து நாலு பேருக்கும் பொதுவாக்குவது அந்த வசனத்தைப் படித்து அர்த்தம் சொல்வதைவிடக் கஷ்டமாக இருந்தது.

மூன்றாவது ஒரு சுழல் பாட்டு. ஒரு வரிசை தொடங்கி, அடுத்த வரிசை நாலு தாளம் தள்ளித் தொடங்கி, அப்படியே சுற்றும். அதை மோகனத்தில் வைத்தேன். ச ரி க ப த, ஐந்தே ஸ்வரம், எந்த இரண்டுக்கு நடுவிலும் அரை ஸ்வர நெருக்கம் இல்லை. அதனால் எந்த ஸ்வரம் எதன்மேல் வந்து விழுந்தாலும் காதைக் குத்தாது. கமகம், அதாவது ஸ்வரத்தை அசைத்து இழைப்பது, நிறைந்த ராகமாக இருந்தால் இந்த விளையாட்டெல்லாம் நடக்காது. இசை தெரியாது என்று மற்றவர்கள் நினைக்கும் பிள்ளைகள்தான் இந்தச் சுழல் பாட்டை முதலில் பிடித்துக்கொண்டார்கள். பாட்டு கிளாஸ் போகிற பிள்ளைகள் பக்கத்து வரிசையின் வரிக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள். தனியாகப் பாடியே பழகினவர்களுக்கு இன்னொரு குரலுக்கு எதிரே தன் வரியைப் பிடித்துக்கொண்டு நிற்பது சிரமம். சபாவில் பாடும் பெரியவர்களிடம் கேட்டால்கூட இதை ஒத்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு ரிகர்சல் நடுவிலேயே குரல் உடைந்தது. அந்த வயதில் பையன்களுக்குக் குரல் கிட்டத்தட்ட ஒரு ஸ்தாயி கீழே இறங்கும், இறங்கும் வழியில் எங்கே நிற்கும் என்று அவனுக்கே தெரியாது. ஐந்து கட்டை சுருதியில் தொடங்கிய பாட்டை அவனுக்காக நாலுக்கு இறக்கினேன். அப்போதும் மேலேயும் எட்டவில்லை, கீழேயும் நிற்கவில்லை. "மிஸ், நான் வேணா பெஞ்ச் தூக்குறேன்" என்றான். கடைசியில் அவனிடம் என்னென்ன ஸ்வரம் மிச்சம் இருக்கிறது என்று உட்கார்ந்து தேடினோம். மூன்று கிடைத்தது. அந்த மூன்றை வைத்தே அவனுக்கு ஒரு வரி எழுதினேன். பாட்டு முழுக்க அதையே பாடினான், அடியில் ஒரு தரை மாதிரி.

இனி அந்த நாள். சௌடய்யா ஹாலாக இருக்கும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். 1980-ல் திறந்த, ஏழு தந்தி வயலின் வடிவக் கட்டடம், உள்ளே போய்ப் பாட யாருக்குத்தான் ஆசை இருக்காது? எங்களுக்குக் கிடைத்தது ஹெப்பாள் பக்கம் ஒரு கல்லூரி ஆடிட்டோரியம், தொண்டையை உலர்த்தும் ஏசி. முதலில் எல்லாக் குழுக்களும் சேர்ந்து கவிஞர் குவெம்புவின் நாடகீதெ, அதாவது கர்நாடக மாநிலப் பாடல். 2022-ல் அரசாங்கம் மைசூர் அனந்தசுவாமி மெட்டில் இரண்டரை நிமிஷத்தில் பாட வேண்டும் என்று உத்தரவு போட்டதிலிருந்து எல்லோரும் வாட்சைப் பார்க்கிறார்கள். எங்கள் அசெம்பிளியில் நாங்கள் அதை ஆற அமர இழுப்போம். அங்கே எங்கள் வரிசை மட்டும் எல்லோருக்கும் பின்னால் வந்துகொண்டிருந்தது.

சவுண்டுக்காரர், "மேடம், எங்கிட்ட எட்டு மைக்தான் இருக்கு, முப்பத்தி நாலு பேருக்கு எப்படி?" என்றார். இரண்டு போதும், தள்ளி வையுங்கள் என்றேன். நம்பவில்லை. டீ குடிக்கப் போன நேரத்தில் யாரோ ஒரு மைக்கை முன் வரிசைக்குப் பக்கத்தில் நகர்த்திவிட்டார்கள். ரெக்கார்டிங்கில் இரண்டு பிள்ளைகள் கச்சேரி செய்கிறார்கள், மற்றவர்கள் தூரத்தில் எங்கோ கேட்கிறார்கள். போதாததற்குக் கீபோர்டு இல்லாமல் பாடிய இரண்டாவது பாட்டில் அரைக் கட்டை இறங்கிவிட்டோம். பெற்றோருக்குத் தெரிந்திருக்காது. அங்கே தெரிந்தது. இறங்கிவந்ததும் ஒரு வயதான ஆசிரியை என் பிள்ளைகளிடம் நேராகவே சொன்னார்: "கீழே போயிட்டீங்க. ஆனா எல்லாரும் சேர்ந்து போனீங்க பாருங்க, அது நல்லா இருந்துச்சு." அதை அவர்கள் எவ்வளவு பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டார்கள் என்றால், ஒரு மாதம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்களுக்கு அடுத்து ஒரு பல்கலைக்கழகக் குழு. நாற்பது பேர் இருக்கும், வாத்தியம் ஒன்றுமில்லை. ஒரு இடத்தில் ஒரே ஸ்வரத்தை நிறுத்தினார்கள். அது நின்றது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. எங்கள் ஆறாம் வகுப்புப் பெண் என் புடவையை இழுத்து, "மிஸ், அவங்க மூச்சே விடலையே?" என்றாள். விடுகிறார்கள், ஆனால் எல்லோரும் ஒரே நேரத்தில் விடுவதில்லை, உனக்குப் பக்கத்தில் இருப்பவள் பாடிக்கொண்டிருக்கும்போது நீ சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு மறுபடி சேர்ந்துகொள்வாய் என்று சொன்னேன். இதை நான் ரிகர்சலில் பத்து முறையாவது சொல்லியிருப்பேன். அன்றைக்குத்தான் அவள் காதில் விழுந்தது.

எல்லோருக்கும் இப்படி ஏதாவது கிடைத்தது என்று சொல்லமாட்டேன். ஒரு பெண் திரும்பி வந்ததும் கொயரை விட்டுவிட்டாள், போர் அடிக்கிறது என்றாள். அதுவும் நியாயம்தான்.

உங்கள் மகள் விஷயத்தில் நீங்கள் இரண்டு சங்கதி கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவள் நிஜமாகப் பாடுகிறாளா, இல்லை வரிசையை நிரப்ப நிற்கிறாளா? பாடி முடித்தபின் மற்றக் குழுக்களைக் கேட்க உட்கார வைக்கிறார்களா, இல்லை போட்டோ எடுத்து உடனே பஸ்ஸில் ஏற்றிவிடுகிறார்களா? இரண்டாவதில் இல்லை என்று பதில் வந்தால் நான் பிரின்சிபாலிடம் போய் சண்டை போடுவேன். பன்னிரண்டு நிமிஷம் பாடுவதற்காக மட்டும் 18 மணி நேரம் என்றால் உங்கள் கணக்குதான் சரி. சர்டிபிகேட் எங்கள் வீட்டிலும் எங்கோ கிடக்கிறது.

திரும்பும்போது மேக்ரி சர்க்கிள் தாண்டி ஜெயமஹால் ரோட்டில் மாட்டிக்கொண்டோம். சாயங்காலம் ஆறு மணி, வண்டி நகரவே இல்லை. பின் சீட்டில் யாரோ ஒரு ஸ்வரத்தைப் பிடித்தார்கள். இன்னொருத்தி சேர்ந்தாள். கொஞ்ச நேரத்தில் பஸ் முழுக்க அந்த ஒரே ஸ்வரம், யார் மூச்சு எடுக்கிறார்கள் என்று ஒருவரை ஒருவர் கண்டுபிடிக்கப் பார்த்துக்கொண்டு. பெஞ்ச் தூக்குகிறேன் என்ற பையன் தன் மூன்றில் ஒன்றை எடுத்து அடியில் வைத்தான். டிரைவர் அண்ணா கண்ணாடியில் எங்களைப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார். ஹாரன் எங்களுக்கு அரைக் கட்டை மேலே இருந்தது. பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அதற்கு ஏறினார்கள்.