நான்கு வருடமா, ஐந்து வருடமா? – கடிதம்

அன்புள்ள அக்கா,

துபாய் அல் நஹ்தாவில் இருக்கிறோம். மகள் ஐந்தாம் வகுப்பை முடிக்கப்போகிறாள், மகன் கேஜி டூ. இருவரும் பக்கத்திலேயே சிபிஎஸ்இ பள்ளியில் படிக்கிறார்கள். மகளுக்கு இரண்டாம் மொழி தமிழ். கணவருக்குப் புது வேலை கிடைத்திருக்கிறது. கம்பெனி பிள்ளைகள் படிப்புக்கு அலவன்ஸ் தருகிறது. அதனால் பிரிட்டிஷ் பள்ளிக்கோ ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) பள்ளிக்கோ மாற்றிவிடலாம் என்கிறார். இரண்டையும் போய்ப் பார்த்தோம். நீச்சல் குளம், அரங்கம், சின்ன வகுப்புகள் என்று எல்லாமே நன்றாக இருக்கிறது. எங்கள் பில்டிங்கில் ‘இன்னும் இந்தியன் ஸ்கூல்தானா?’ என்று கேட்கிறார்கள். மனப்பாடம்தான் அங்கே, என்கிறார்கள். மகள் டாக்டராக வேண்டும் என்கிறாள். நான்கைந்து வருடத்தில் திருச்சிக்குத் திரும்பிவிடும் எண்ணம் இருக்கிறது. பிரிட்டிஷ் பள்ளியில் சீட்டுக்கு முன்பணம் கட்டச் சொல்கிறார்கள். என்ன செய்யலாம்?

ஒரு வாசகி, துபாய்

அன்புள்ள தங்கைக்கு,

பள்ளிகளைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறீர்கள். ஊர் திரும்புவதைப் பற்றி ஒரே வரி. நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்குவேன்.

நான்கு வருடத்தில் திரும்பினால் மகள் ஒன்பதை முடித்திருப்பாள், பத்தில் சேர வேண்டும். ஐந்து வருடம் என்றால் பத்து முடிந்து பதினொன்று. இந்த இரண்டையும் ‘நான்கைந்து’ என்று சேர்த்துச் சொல்லிவிட முடியாது. சிபிஎஸ்இ, ஒன்பதையும் பத்தையும் சேர்த்து இரண்டு வருடப் படிப்பாக வைத்திருக்கிறது. பதினொன்றும் பன்னிரண்டும் அப்படியே. பொதுவாக ஒன்பதை சிபிஎஸ்இ பள்ளியில் முடித்தவர்களைத்தான் பத்தில் சேர்ப்பார்கள். மகள் இப்போது பிரிட்டிஷ் பள்ளிக்குப் போனால், நான்காம் வருட முடிவில் இயர் 10 (நம் ஒன்பதாம் வகுப்பு) முடித்து, இயர் 11 முடிவில் தேர்வு எழுதும் ஐஜிசிஎஸ்இ என்ற இரண்டு வருடப் படிப்பின் நடுவில் நிற்பாள். அந்த நேரத்தில் திருச்சிக்கு வந்தால் ஒன்பதையே மறுபடி படிக்கச் சொல்லலாம். இன்னொரு வருடம் பொறுத்து ஐஜிசிஎஸ்இ எழுதிவிட்டு வந்தால் பதினொன்றில் சேரலாம். அப்போதும் ரிசல்ட் ஆகஸ்டில்தான் வரும். இங்கே பதினொன்றாம் வகுப்பு அதற்கு முன்பே தொடங்கி, நீட் கோச்சிங்கில் சேர்ந்த பிள்ளைகள் பாடத்தில் வெகுதூரம் போயிருப்பார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இப்படித்தான் பாதியில் கோயம்புத்தூர் வந்தது. அப்பாவுக்கு வேலை போய்விட்டது. பையன் நன்றாகப் பேசுவான், தானே ப்ராஜெக்ட் செய்து விளக்குவான். பள்ளியில் ஒரு வகுப்பு கீழே போட்டார்கள். முதல் மாதத் தேர்வு விடைத்தாளை அவன் அம்மா என்னிடம் காட்டினார். கேள்விக்குத் தன் சொந்த வார்த்தையில் அழகாகப் பதில் எழுதியிருந்தான். ஆசிரியர் எதிர்பார்த்த வரையறை அதில் இல்லை. ஐந்துக்கு ஒன்றரை. ஓரத்தில் சிவப்பு மையில் ‘பாயிண்ட்ஸ் மிஸ்ஸிங்’. அதோடு தமிழ். தமிழ்நாட்டில் பள்ளியில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டின் தமிழ் கற்றல் சட்டம் பிறகு மற்ற போர்டு பள்ளிகளுக்கும் 2015–16 முதல் வகுப்பு வகுப்பாக நீட்டிக்கப்பட்டது. பதினான்கு வயதில் அவன் உயிர்மெய் எழுத்து எழுதிப் பழகியதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. உங்கள் மகள் அங்கே தமிழ் படிக்கிறாள். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு இப்போது தெரியாது. மாற்றுவதற்கு முன் புதுப் பள்ளியில் தமிழ் உண்டா என்று கேளுங்கள். பெரும்பாலும் இருக்காது.

அடுத்து, டாக்டர் ஆசை. பத்து வயது ஆசை மாறலாம். ஆனாலும் அந்தக் கதவை நாமாக மூடக்கூடாது. நீட்டுக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல், கூடவே ஆங்கிலம் பன்னிரண்டாம் வகுப்பு அளவில் வேண்டும். ஐபி டிப்ளமாவில் ஆறு பாடம்: இரண்டு மொழி, சமூக அறிவியல் வகையில் ஒன்று, அறிவியல், கணிதம், ஆறாவதாகக் கலை அல்லது அதற்குப் பதில் இன்னொரு பாடம். வழக்கமான அமைப்பில் இரண்டு அறிவியலுக்குத்தான் இடம். மூன்றும் வேண்டுமென்றால் பள்ளி மூலம் தனி அனுமதி வாங்க வேண்டும். பிரிட்டிஷ் பள்ளியின் கடைசி இரண்டு வருடப் படிப்பான ஏ லெவலில் மூன்று அறிவியலும் எடுக்கலாம், அப்போது ஆங்கிலத்துக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டாக வேண்டும். தவிர, வெளியே படித்துவிட்டு இங்கே அரசு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளிடம் நேட்டிவிட்டி சர்ட்டிஃபிகேட்டும் பெற்றோரின் சான்றுகளும் கேட்பார்கள். அதையெல்லாம் இப்போதே ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள்.

ஐபி மோசம் என்று நான் சொல்லவே மாட்டேன். 4,000 சொல்லில் சொந்தமாக ஓர் ஆய்வுக் கட்டுரை எழுத வைக்கிற படிப்பு அது. அதைப் பார்த்து எனக்குப் பொறாமையே உண்டு. ஆனால் அது யாருக்காகப் பிறந்தது என்று பாருங்கள். 1924இல் ஜெனீவாவில் லீக் ஆஃப் நேஷன்ஸ், உலகத் தொழிலாளர் அமைப்பு ஊழியர்களின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கினார்கள். நாடு நாடாக மாறிக்கொண்டிருக்கிற குடும்பங்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் எந்த நாட்டுக் கல்லூரிக்கும் போக ஒரே தேர்வு வேண்டும் என்ற தேவையில்தான் 1968இல் ஐபி அமைப்பு உருவானது. துபாய்க்குப் பிறகு உங்களுக்கு லண்டனோ டொரண்டோவோ என்றால் தயங்காமல் மாற்றுங்கள் என்பேன். நீங்கள் திரும்ப நினைப்பது திருச்சிக்கு.

பணத்தைப் பற்றி உங்கள் கணவரோடு உட்கார்ந்து பேசுங்கள். துபாயில் ஒவ்வொரு பள்ளியின் கட்டணமும் வகுப்பு வாரியாக, அங்கே தனியார் பள்ளிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான கேஹெச்டிஏவின் தளத்தில் இருக்கிறது. இயர் 7 கட்டணத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். இயர் 13 வரைக்கும் பாருங்கள், இரண்டு பிள்ளைக்கும் கூட்டுங்கள், பஸ், யூனிஃபார்ம் சேருங்கள். அலவன்ஸுக்கு உச்சவரம்பு உண்டா என்று ஆஃபர் லெட்டரில் பாருங்கள். அலவன்ஸ் வேலையோடு வருவது, வேலையோடு போய்விடும். வெறும் சம்பளத்தில் ஒரு வருடமாவது கட்ட முடியாத பள்ளியில் இரண்டு பிள்ளைகளையும் சேர்ப்பதை நான் ஏற்கமாட்டேன்.

‘மனப்பாடம்’ என்கிற குற்றச்சாட்டில் உண்மை இருக்கிறது. ஆனால் அது பள்ளிக்குப் பள்ளி, ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும். கேஹெச்டிஏ ஆய்வறிக்கையில் ‘வெரி குட்’, ‘குட்’ என்ற ஒட்டுமொத்தத் தரத்தோடு நிறுத்திவிடாதீர்கள். உள்ளே ஒவ்வொரு பாடத்துக்கும், தொடக்கநிலை, நடுநிலை என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியே மதிப்பிட்டிருப்பார்கள். உங்கள் மகள் போகப்போவது நடுநிலை. அங்கே அறிவியலில் ‘ப்ராக்ரஸ்’ என்ன என்று பாருங்கள். ஆசிரியர்கள் எத்தனை சதவீதம் ஒரே வருடத்தில் விலகினார்கள் என்பதும் முந்தைய அறிக்கைகளின் தொடக்கத்திலேயே இருக்கும். எனக்கு நீச்சல் குளத்தைவிட அந்த எண் முக்கியம். அறிக்கையின் வருடத்தையும் கவனியுங்கள். 2024–25இல் பெரும்பாலான பள்ளிகளுக்கு முழு ஆய்வு நடக்கவில்லை. பள்ளியைப் பார்க்கப் போனால் ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் அறிவியல் நோட்டைக் கேளுங்கள். போர்டில் எழுதியதை அப்படியே எழுதியிருக்கிறார்களா, ஆசிரியர் கேள்வி கேட்டு எழுதியிருக்கிறாரா, பிள்ளை அதற்குப் பதில் எழுதியிருக்கிறதா? பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

பில்டிங்கில் கேட்பவர்களுக்காகப் பள்ளியை மாற்றாதீர்கள். துபாயில் தி இந்தியன் ஹை ஸ்கூல் 1961இல் தொடங்கியது, ஐக்கிய அமீரகம் என்ற நாடு உருவாவதற்குப் பத்து வருடம் முன்பு. அங்கே இந்தியப் பள்ளியில் படிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

என் கருத்து இது. மகள் சிபிஎஸ்இயிலேயே இருக்கட்டும். இப்போதைய பள்ளி மனப்பாடப் பள்ளியாக இருந்தால் நல்ல சிபிஎஸ்இ பள்ளிக்கு மாற்றுங்கள். ஏப்ரலில் ஆறாம் வகுப்பு தொடங்குகிறது, மாற்ற இதுதான் சரியான நேரம். அலவன்ஸில் மிச்சமாவதை நீச்சலுக்கோ இசைக்கோ அவளுக்குப் பிடித்த வேறொன்றுக்கோ செலவிடுங்கள். மகனுக்கு ஐந்து வயது; அவனுக்கு எந்தப் பள்ளியும் சரிவரும். ஆனால் ஒரு பிள்ளைக்கு ஏப்ரலிலும் இன்னொன்றுக்கு ஆகஸ்ட் கடைசியிலும் வருடம் தொடங்கினால் வீட்டில் யாருக்கும் லீவு சேர்ந்து வராது. அவனும் அக்காவோடு போகட்டும். மகளிடம் இதுவரை கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளைக்குத் தன் பள்ளியைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும்.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்றுவதுதான் முடிவு என்றால், முன்பணம் கட்டும் முன் பள்ளி–பெற்றோர் ஒப்பந்தத்தை வாங்கிப் படியுங்கள். சேராவிட்டால் பணம் திரும்ப வருமா, வருடத்தின் நடுவில் ஊர் திரும்பினால் எந்த டெர்ம் வரை கட்ட வேண்டும், டிசி எத்தனை நாளில் தருவார்கள் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொண்டு கட்டுங்கள்.

அன்புடன்,
அக்கா