லண்டன் பக்கம் சின்ன கிரவுண்ட்ல ஃபுட்பால் பாக்கணுமா? கேட்டதுக்கெல்லாம் பதில்

பிரிமியர் லீக் டிக்கெட் கிடைக்க மாட்டேங்குது, கிடைச்சாலும் விலை கட்டுப்படி ஆகலன்னு நிறைய பேர் புலம்பினீங்க, அதான் நான்-லீக் மேட்ச் பத்தி என்ன வேணும்னாலும் கேளுங்கன்னு சொன்னேன். நான் இருக்கறது தெற்கு லண்டன், சீசன் ஆரம்பிச்சா சனிக்கிழமை மத்தியானம் ஏதாவது ஒரு சின்ன கிரவுண்ட்ல தான் இருப்பேன்.

கேள்வி: அண்ணா, நான்-லீக்னா லீக்ல இல்லாத டீமுங்க சும்மா ஆடுற ஃப்ரெண்ட்லி மேட்சா?

இல்ல தம்பி, லீக் தான், அதுவும் படி படியா ஏகப்பட்ட லீக். மேல பிரிமியர் லீக் 20 டீம், அதுக்கு கீழ சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஒவ்வொண்ணுலயும் 24, ஆக மொத்தம் 92 கிளப். இந்த 92க்கு கீழ உள்ள அத்தனையும் நான்-லீக். உச்சியில நேஷனல் லீக், அதுக்கு கீழ அதோட நார்த், சவுத், அப்புறம் இஸ்த்மியன், சதர்ன், நார்தர்ன் பிரிமியர், இப்படியே கவுண்டி லீக் வரைக்கும் இறங்கிட்டே போகும். ஜெயிச்சா மேல ஏறலாம், தோத்தா கீழ இறங்கணும், அதனால ஒவ்வொரு மேட்ச்சும் அவங்களுக்கு உசுரு. 1987க்கு முன்னாடி நான்-லீக்ல முதல்ல வந்தாலும் மேல இருக்கற கிளப்புங்க ஓட்டு போட்டா தான் உள்ள விடுவாங்க, அந்த வருஷத்துல இருந்து தான் ஜெயிச்சா நேரா ஏறலாம்னு ஆச்சு. இங்கிலாந்து ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டி ஸ்டாக்ஸ்பிரிட்ஜ், ஹாலிஃபாக்ஸ், ஃப்ளீட்வுட்னு நான்-லீக் கிளப்புங்கள்ல ஆடிட்டு தான் 2012ல லெஸ்டருக்கு போனார், 2016ல பிரிமியர் லீக் சாம்பியன்.

கேள்வி: படிக்க வந்து ரெண்டு மாசம் ஆச்சு ப்ரோ, லண்டன் பிரிட்ஜ் பக்கம் தங்கியிருக்கேன். முதல் மேட்ச் எங்க போகட்டும்?

யோசிக்காம டல்விச் ஹாம்லெட் போங்க. லண்டன் பிரிட்ஜ்ல ட்ரெயின் ஏறினா கால் மணி நேரத்துல ஈஸ்ட் டல்விச், இறங்கி நடந்தா சாம்பியன் ஹில் கிரவுண்ட். 1893ல ஆரம்பிச்ச கிளப், பிங்க்கும் கருநீலமும் தான் கலர், கூட்டமும் நல்லா வரும். கிரவுண்டுக்கு போற ரோட்டுக்கு எட்கர் கெயில் வேன்னு பேர். அவர் இந்த கிளப் ஆளு, 1929ல இங்கிலாந்துக்கு 3 மேட்ச் ஆடினார், முதல் மேட்ச்லயே ஃபிரான்சுக்கு எதிரா 2 கோல். பெரிய கிளப்புங்க கூப்பிட்டும் போகல, காசு வாங்காத ஆட்டக்காரராவே இங்கயே இருந்தார். இன்னைக்கும் கோல் போஸ்ட் பின்னாடி நின்னு அவர் பேர சொல்லி பாடுறாங்க, அவர் ஆடி பாத்தவங்க யாரும் அந்த கூட்டத்துல இல்ல, ஆனாலும் பாடுறாங்க, எனக்கு அது ரொம்ப பிடிக்கும்.

ஒரு நாள் முழுசா ஒதுக்க முடியும்னா லூயிஸ்ங்கற ஊருக்கு போங்க, கிளப் பேரும் அதே தான். விக்டோரியால இருந்து ஒரு மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, ஸ்டேஷன்ல இருந்து அஞ்சு நிமிஷ நடை. கிரவுண்ட் பேரு டிரிப்பிங் பேன், பள்ளத்துல ஆடுகளம், சுத்தி புல்லு மேடு, பின்னாடி மலைச்சரிவு. உக்காந்து பாக்க அவ்ளோ அழகு.

கேள்வி: டிக்கெட் முன்கூட்டியே எடுக்கணுமா? எவ்ளோ ஆகும்?

பெரும்பாலும் வேண்டாம், கேட்ல கார்டு தட்டி உள்ள போயிடலாம். பிரிமியர் லீக்க முதல் படின்னு வச்சு எண்ணினா 7, 8வது படியில 10ல இருந்து 15 பவுண்ட், அதுக்கும் கீழ போனா 10க்குள்ளயே முடிஞ்சுரும், மாணவர்களுக்கு பல இடத்துல சலுகை உண்டு, ஐடி கார்டு எடுத்துட்டு போங்க. நீங்க கேட்ல குடுக்கற காசும் டீக்கடையில குடுக்கற காசும் தான் அந்த கிளப்புக்கு வண்டி வாடகையும் ரெஃப்ரி சம்பளமும். டிவி காசுலாம் இந்த பக்கம் பெருசா வராது.

கேள்வி: வணக்கம் அண்ணா, நாங்கள் டூட்டிங்கில இருக்கிறம். மகனுக்கு ஏழு வயசு, எந்த நேரமும் பந்தோட தான் நிக்கிறான். கூட்டிக்கொண்டு போகலாமோ? சனம் கூடி சண்டை வருமோ எண்டு யோசனையா கிடக்கு.

தாராளமா கூட்டிட்டு போங்க அக்கா. உங்களுக்கு பக்கத்துலயே டூட்டிங் அண்ட் மிட்சம் யுனைட்டட் இருக்கு, கிரவுண்ட் மார்டன்ல. வெஸ்ட் ஹாம்ல ஆடின மிக்கேல் அன்டோனியோ அங்க ஆடிட்டு தான் 2008ல ரெடிங்குக்கு போனார், தம்பிகிட்ட சொல்லுங்க, கண்ணு விரிஞ்சிரும். சண்டை பயம் வேண்டாம், ரெண்டு டீம் ஆளுங்களும் ஒரே கம்பி ஓரம் பக்கத்துல பக்கத்துல நின்னு பேசிட்டே பாப்பாங்க. ஒண்ணே ஒண்ணு, ஆளுங்க வாய் கொஞ்சம் நீளும், பிளேயர்ஸும் கெட்ட வார்த்தை பேசுவாங்க, தெளிவா காதுல விழும். அதுக்கு மட்டும் தயாரா இருங்க. அப்புறம் பையனுக்கு சாக்ஸ் ரெண்டு ஜோடியா போட்டு விடுங்க, சிமெண்ட் தரையில நிக்கும்போது குளிரு காலு வழியா தான் ஏறும்.

கேள்வி: உண்மைய சொல்லுங்க, ஆட்டம் பாக்குற மாதிரி இருக்குமா?

டிவில பாக்குற பாஸிங் எதிர்பாத்து போனா ஏமாந்துருவீங்க. பாதி பிளேயர்ஸ் வாரம் பூரா வேலைக்கு போறவங்க, சாயங்காலம் தான் ட்ரெயினிங். முதல் டச் தப்பும், பந்து வேலிய தாண்டி போகும், காத்து அடிச்சா லாங் பால் எங்கயோ போய் விழும். ஆனா கம்பிய புடிச்சிட்டு நின்னீங்கன்னா லைன்ஸ்மேன் முதுகு கை எட்டுற தூரத்துல இருக்கும், விங்கர் உங்க முன்னாடி பந்த எடுத்துட்டு ஓடும்போது மூச்சு வாங்குற சத்தம் கேக்கும், ஷூ ஸ்டட் புல்ல பிச்சு மண்ணு உங்க பேண்ட்ல தெறிக்கும். கோல்கீப்பர் 90 நிமிஷமும் பேசிட்டே இருப்பார், யார எங்க நிக்க சொல்றார், எவன் பின்னாடி ஆள் வரான்னு கத்துறார், ஃப்ரீ கிக் வந்தா சுவர் மாதிரி ஆளுங்கள எப்படி அடுக்குறார், அத்தனையும் கேக்கும். டிஃபென்ஸ்னா என்னன்னு எனக்கு புரிஞ்சதே இப்படி ஒரு கோல்கீப்பர் பின்னாடி நின்னு கேட்டப்ப தான், அத்தனை வருஷம் டிவில பாத்தும் அது புரியல. ஆட்டத்த கத்துக்கணும்னு நினைக்கற யாருக்கும் நான் முதல்ல சொல்றது இதத்தான்.

கேள்வி: பீர் வாங்கிட்டு வந்து பாத்துட்டே குடிக்கலாம்னு சொல்றாங்களே, நெஜமா?

நெஜம் தான். ஆடுகளம் கண்ணுக்கு தெரியற இடத்துல குடிக்க கூடாதுங்கற 1985 சட்டம் மேல உள்ள அஞ்சு படிக்கு தான், அதாவது நேஷனல் லீக் வரைக்கும். அதுக்கு கீழ லீக் மேட்ச்ல அந்த தடை கிடையாது, பெரும்பாலும் பிளாஸ்டிக் கிளாஸ்ல தருவாங்க.

கேள்வி: நான் பொண்ணு, தனியா போனா சரியா இருக்குமா?

போங்க மா. டல்விச், லூயிஸ் ரெண்டு கிரவுண்ட்லயும் பொண்ணுங்க, குடும்பம், நாய்க்குட்டின்னு கலந்து தான் இருக்கும். லூயிஸ் 2017லயே ஆண்கள் டீமுக்கும் பெண்கள் டீமுக்கும் சமமா பணம் ஒதுக்கின கிளப், பெண்கள் மேட்ச்சும் அதே கிரவுண்ட்ல தான் நடக்கும், முதல்ல அதுக்கே போய் பாருங்க.

கேள்வி: சைவம் கிடைக்குமா?

சிப்ஸும் டீயும் உறுதி. மத்தத நம்பி போகாதீங்க, சாப்ட்டு போங்க.

கேள்வி: ஹாஃப் டைம்ல கூட்டம் மொத்தமா எந்திரிச்சு எதிர் பக்கம் போகுதே, ஏன்?

நம்ம டீம் எந்த கோல் பக்கம் அடிக்குதோ அங்க நிக்கணும், அவ்ளோ தான். ஹாஃப் டைம்ல பக்கம் மாறுதுல்ல, கொடி டிரம் எல்லாத்தையும் தூக்கிட்டு மொத்தமா நடப்பாங்க, எதிர் டீம் ரசிகர்கள் எதிர்ல வருவாங்க, பாதி வழியில ரெண்டு கூட்டமும் கிண்டல் பண்ணிக்கும். நீங்களும் கூட நடங்க, வழியில டீக்கடை க்யூவுல சீக்கிரம் நின்னுருங்க.

கேள்வி: எஃப்.ஏ. கப்ல இந்த டீமெல்லாம் ஆடுமா?

ஆடும், மேல் படி கீழ் படி டீமுங்க கலந்து ஆடுற, தோத்தா வெளியேங்கற கோப்பை அது, அதுக்கு தான் ஆகஸ்ட்லயே ஆரம்பிக்குது. பெரிய கிளப்புங்க ஜனவரி மூணாவது ரவுண்டுல தான் வருவாங்க, அதுக்குள்ள சின்ன கிளப்புங்க எத்தனையோ ரவுண்டு முட்டி மோதிருக்கும். 2021 ஜனவரில எட்டாவது படியில இருந்த மரீன் கிளப்புக்கு பிரிமியர் லீக் டீம் டாட்டன்ஹாம் வந்துச்சு, கொரோனா நேரம், கிரவுண்டுக்குள்ள ஆள் விடல, கோட்டுக்கு ஒட்டி வீடு உள்ளவங்க தோட்டத்துல நின்னே அப்போ டாட்டன்ஹாம் மேனேஜரா இருந்த மொரினியோவ பாத்தாங்க. 0-5 தோல்வி தான், ஆனா கிளப் உள்ள போகாமலே ஆதரவா வாங்குற மெய்நிகர் டிக்கெட் 30,000க்கு மேல வித்துச்சு. 2024ல ஆறாவது படி மெய்ட்ஸ்டோன் நாலாவது ரவுண்டுல இப்ஸ்விச்ச 2-1ன்னு தூக்கிச்சு, அந்த சீசன்லயே பிரிமியர் லீக்குக்கு ஏறின டீம் இப்ஸ்விச். செப்டம்பர் தகுதிச்சுற்று மேட்ச் ஒண்ணுக்கு போங்க, ஜெயிச்சா வர்ற பரிசுப் பணம் அந்த கிளப்புக்கு கூரை போடுற செலவா கூட இருக்கலாம், பிளேயர்ஸ் ஆடுறதுலயே அது தெரியும்.

கேள்வி: மழை பேஞ்சா?

டிசம்பர், ஜனவரில இது தான் பெரிய தொல்லை. காலையில பிட்ச்ச பாத்துட்டு தண்ணி நின்னா தள்ளி வச்சுருவாங்க, சில சமயம் மேட்ச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி கூட. 3ஜி செயற்கை புல்லு போட்ட கிரவுண்ட்ல பெரும்பாலும் நடந்துரும், அதனால மழை வாரத்துக்கு அப்படி ஒரு கிரவுண்ட மனசுல வச்சுக்கோங்க. ட்ரெயின் ஏறுறதுக்கு முன்னாடி கிளப்போட எக்ஸ் பக்கத்த ஒரு தடவை பாத்துருங்க, வெப்சைட்ல போடுறதுக்கு முன்னாடி அங்க தான் வரும்.