வீட்டு வரியில் வரும் சோலார் தவணை: வழக்குப் போடலாமா?

கேள்வி: கலிபோர்னியாவில் ரிவர்சைடு கவுண்டியில் இருக்கிறோம். 2019-ல் வீடு தேடி வந்த ஒருவர், "அரசுத் திட்டம், கடன் இல்லை" என்று சொல்லி, அப்பாவிடம் டேப்லெட்டில் கையெழுத்து வாங்கி சோலார் பேனல் போட்டார். அப்பாவுக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. இப்போது வீட்டு வரியோடு சேர்ந்து பேஸ் (PACE, அதாவது சோலார் போன்ற வேலைகளுக்கான செலவை வட்டியோடு வீட்டு வரியில் வசூலிக்கும் திட்டம்) தவணை பெரிதாக வருகிறது. வட்டி விவரத்தை முறையாகச் சொல்லாததால் ஃபெடரல் சட்டப்படி ரத்து செய்யலாம் என்கிறார்களே?

பதில்: அந்த வழி உங்களுக்கு உதவாது. கடன் விவரங்களை வெளிப்படையாகத் தரச் சொல்லும் 1968-ம் வருடச் சட்டத்தை வைத்து, உங்கள் பக்கத்தில் நடந்த ஹீரோ என்ற பேஸ் திட்டத்தின் மீது வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே வழக்குப் போட்டார்கள். 2017-ல் ஃபெடரல் மாவட்ட நீதிமன்றம், இது வரி மதிப்பீடுதான் (சொத்தின் மீது வரியாக விதிக்கும் தொகை), அந்தச் சட்டம் சொல்லும் கடன் இல்லை என்று தள்ளிவிட்டது. எனக்கு இதில் உடன்பாடில்லை. வட்டி உண்டு, தவணை உண்டு, வீடு ஈடாக நிற்கிறது. பெயர் மட்டும் வரி! நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் 2024 டிசம்பரில் இதையும் கடனாகக் கருதும் விதியைக் கொண்டுவந்தது. ஆனால் அது பழைய ஒப்பந்தங்களுக்குப் பொருந்தாது. பேஸைக் கடன் என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் சட்டப்படி ரத்து கேட்க அதிகபட்சம் மூன்று வருடம்தான்.

மாநிலச் சட்டத்தில்தான் உங்களுக்குப் பிடி இருக்கிறது. 2019-ல் கலிபோர்னியாவில், கையெழுத்துக்கு முன் செலவு விவரப் படிவம் தர வேண்டும், வருமானத்தைச் சரிபார்க்க வேண்டும், நிபந்தனைகளைப் போனில் சொல்லி அதைப் பதிவு செய்ய வேண்டும். இந்த மூன்றையும் எழுத்தில் கேளுங்கள், முக்கியமாக அந்தப் போன் பதிவை. அப்பா எல்லாவற்றுக்கும் "யெஸ்" மட்டும் சொல்லியிருந்தால் அது பேசும். ஒப்பந்தத்தை மொழிபெயர்த்துத் தரச் சொல்லும் மாநில விதியில் ஸ்பானிஷ், சீனம் உட்பட ஐந்து மொழிகள்தான்; தமிழ் இல்லை.

கிடைத்ததை வைத்து மாநில நிதிப் பாதுகாப்புத் துறையிலும், ஒப்பந்தக்காரர் உரிம வாரியத்திலும் புகார் கொடுங்கள். கோபத்தில் வரியைக் கட்டாமல் மட்டும் விடாதீர்கள். வீடே ஏலத்துக்குப் போகலாம். மதிப்பீடே செல்லாது என்று வாதாடுவதானால், வரியைக் கட்டிவிட்டு, திருப்பிக் கேட்கும் மனுவை முதலில் கவுண்டியிடம் போட வேண்டும். நேராக நிறுவனத்தின் மீது போன ஒரு வழக்கை மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-ல் அதனால்தான் ஏற்கவில்லை.

அப்புறம், வீட்டை விற்கவோ மறுகடன் வாங்கவோ யோசனை இருந்தால் பாக்கித் தொகைக் கணக்கை இப்போதே எழுதி வாங்குங்கள். வீட்டுக் கடனுக்கு முன்னால் வசூலாகும் பேஸ் நிலுவை இருந்தால், அந்தக் கடனை வங்கிகளிடமிருந்து வீட்டுக் கடன்களை வாங்கும் பெரிய நிறுவனங்களான ஃபேனி மே, ஃப்ரெடி மேக் வாங்குவதில்லை.