செரோக்கி கதைகளில் நோயை அனுப்புவது ஏன் மான்?

புராணக்கதை என்றால், உலகம் ஏன் இப்படி இருக்கிறது என்று ஒரு சமூகம் தனக்குச் சொல்லிக்கொள்ளும் கதை. அமெரிக்காவின் தெற்கு அப்பலாச்சிய மலைகளின் பூர்வகுடிகளான செரோக்கிகளின் கதையில், மனிதர்கள் கணக்கில்லாமல் கொன்றதால் விலங்குகள் கூட்டம் கூட்டி நோய்களை உண்டாக்குகின்றன.

என்னை உலுக்கியது மான்கள் எடுத்த முடிவுதான். ஒரு மான் விழுந்ததும் அவற்றின் தலைவனான சின்ன மான் காற்றாய் ஓடிவந்து, ரத்தக்கறை மேல் குனிந்து, வேட்டைக்காரன் உன்னிடம் மன்னிப்புக் கேட்டானா என்று விசாரிக்கும். இல்லையென்றால் ரத்தத்துளிகளைப் பின்தொடர்ந்து அவன் குடிசைக்கே போய் மூட்டுவாதத்தைக் கொடுத்துவிடும். படித்த அன்று தட்டில் இருந்த கறியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

காரணம் எளிது: காட்டை நம்பி வாழ்ந்தவர்களுக்கு எடுப்பதிலும் ஒரு மரியாதை வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டு முருங்கைக்காயைக் கேட்டுப் பறிப்பதற்கும் கேட்காமல் பறிப்பதற்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. அப்புறம் செடிகொடிகள், பாசி உட்பட, மனிதர்மேல் இரங்கி ஒவ்வொன்றும் ஒரு மருந்து தர முன்வருகின்றன. எனக்கு மிகப் பிடித்த இடம் அது.

பலர் இதை வேட்டையே பாவம் என்று சொல்லும் கதையாக எடுத்துக்கொள்கிறார்கள்; ஆனால் மன்னிப்புக் கேட்ட வேட்டைக்காரனைச் சின்ன மான் தொடுவதேயில்லை.