மார்ஃபினும் மெர்க்கும்: சில கேள்விகள்

வலியைக் குறைக்கும் மருந்தான மார்ஃபினைக் கண்டுபிடித்தவர் ஹைன்ரிக் இமானுவேல் மெர்க் தானே?

இல்லை. அபினிலிருந்து அதைப் பிரித்தவர் செர்டுர்னர் என்ற இன்னொரு ஜெர்மன் மருந்தாளர். அவருடைய 1817 கட்டுரைக்குப் பிறகுதான் உலகம் கவனித்தது. மெர்க் (1794–1855) அதை அளவிலும் தரத்திலும் நம்பி வாங்கக்கூடிய சரக்காக மாற்றியவர். என்னைக் கேட்டால் இதுவும் கண்டுபிடிப்புக்குக் குறைந்த வேலை இல்லை.

அபினே கிடைத்தபோது மார்ஃபின் எதற்கு?

அளவுக்காக. அபினில் மார்ஃபின் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்பார்கள். ஆனால் விளைந்த இடம், பருவம், கலப்படம் எல்லாம் சேர்ந்து அதை ஏற்றி இறக்கும். நேற்று வலியைக் குறைத்த அதே அளவு இன்று ஆளையே கொல்லலாம். தூய மார்ஃபினை எடை போட்டுக் கொடுத்தால் அந்தச் சூதாட்டம் இல்லை. செய்முறை கேட்க எளிது: அபினை நீரில் ஊறவைத்து வடிகட்டி, அமோனியா சேர்த்தால் மார்ஃபின் படியும். அதை அமிலத்தில் கரைத்து மறுபடி படியவிட வேண்டும், சுத்தமாகும்வரை. ஒவ்வொரு முறையும் ஒரே தரம் வரவைப்பதுதான் கஷ்டம். எர்ஃபுர்ட்டில் டிராம்ஸ்டோர்ஃபிடம் வேதியியல் படித்திருந்த மெர்க், 1827ல் தன்னிடம் கிடைக்கும் ஆல்கலாய்டுகளை (மார்ஃபின் போல, செடிகளிலிருந்து எடுக்கும் வீரியமான பொருள்களை) மருந்தாளர்களுக்கும் மருத்துவர்களுக்கும் பட்டியல் போட்டு அறிவித்தார்.

மெர்க் மருந்து நிறுவனம் தன் தொடக்கம் 1668 என்கிறதே?

அது டார்ம்ஸ்டாட்டில் குடும்பம் மருந்துக்கடை வாங்கிய ஆண்டு. இவர் 1816ல் அதை ஏற்று, பிறகு தொழிற்சாலையாக வளர்த்தார்.

கொக்கைனும் இவர் வேலையா?

கொக்கைன் பிரிக்கப்பட்டதே 1860 வாக்கில். அதற்குள் இவர் இறந்துவிட்டார். நிறுவனம் அதைத் தயாரித்தது உண்மை. குடும்பத்தில் கண்டுபிடிப்பு என்றால், ஜெர்மனியின் கீசெனில் வேதியியலாளர் லீபிக்கிடம் பயின்ற மகன் கேயோர்க் 1848ல் அபினிலிருந்து பாப்பாவெரின் என்ற இன்னொரு ஆல்கலாய்டைப் பிரித்ததைச் சொல்லலாம்.

மெர்க் இரண்டு இருக்கிறதே, எது அசல்?

ஜெர்மன் நிறுவனம்தான் மூத்தது. 1891ல் பேரன் ஒருவர் நியூயார்க்கில் கிளை தொடங்கினார். முதல் உலகப் போரில் ஜெர்மானியர் பங்குகளை அமெரிக்க அரசு பறிமுதல் செய்ய, இரண்டும் பிரிந்தன. அமெரிக்காவிலும் கனடாவிலும் பெயர் அமெரிக்க நிறுவனத்துக்கு; மற்ற நாடுகளில் ஜெர்மன் நிறுவனத்துக்கு. அதனால்தான் இந்தியாவில் அமெரிக்க மெர்க் எம்எஸ்டி என்ற பெயரில் விற்கிறது.