வீடு, குடும்ப உறுப்பினர் விவரம் வச்சுக்க டேட்டாபேஸ் எப்படி டிசைன் பண்றது? ஒரே டேபிள் போதுமா?

போதாதுங்க. குடும்பத் தலைவர், உறுப்பினர் 1, உறுப்பினர் 2ன்னு ஆறு கட்டம் வச்சா ஏழாவது ஆள் பொறந்த அன்னைக்கே மாட்டுவீங்க. நான் ஒண்ணும் பெரிய ப்ரோக்ராமர் இல்ல, அக்கவுண்ட்ஸ்ல வேலை, எங்க ஊர் பங்குனிப் பொங்கலுக்கு தலைக்கட்டு வரி நோட்டை கம்ப்யூட்டர்ல ஏத்தப் போயி அடிபட்டுக் கத்துக்கிட்டதைத்தான் சொல்றேன்.

முதல்ல எதை எண்ணப் போறீங்கன்னு முடிவு பண்ணுங்க. சென்செஸ்ல ஒரே அடுப்புல சமைச்சு சாப்பிடுறவங்க ஒரு குடும்பம். எங்க ஊர்ல கல்யாணம் ஆன ஆம்பளை ஒரு தலைக்கட்டு. அப்பா, கல்யாணம் ஆன ரெண்டு மகன், எல்லாரும் ஒண்ணாதான் சாப்பிடுறாங்கன்னா சென்செஸ்காரருக்கு அது ஒண்ணு, கோயிலுக்கு மூணு வரி. கதவு நம்பரை வச்சு எண்ணுனா ரெண்டுமே தப்பாத்தான் வரும்.

நான் பண்ணுன பெரிய தப்பு 'தலைவருக்கு என்ன உறவு'ன்னு ஒரு கட்டம் வச்சது. ரேஷன் கார்டைப் பாத்து வச்சேன். ஒரு வீட்டுல தாத்தா தவறிட்டாரு, மூத்த மகனைத் தலைவரா மாத்துனேன், மத்தவங்க உறவை மாத்த மறந்துட்டேன். பிரிண்ட் எடுத்து கூட்டத்துல குடுத்தா பெரியப்பா கண்ணாடியை நெத்திக்கு ஏத்திட்டு அந்தப் பக்கத்தை ரெண்டு தடவை படிச்சாரு, என்னைய ஒரு பார்வை பாத்தாரு, ஒண்ணுமே சொல்லல. வாங்கிப் பாத்தா பாட்டி இன்னும் 'மனைவி'யாவே நிக்குறாங்க, பெத்த மகனுக்கு!

அன்னைக்கே அந்தக் கட்டத்தைத் தூக்கிட்டேன். நபர் டேபிள்ல அப்பா ஐடி, அம்மா ஐடி மட்டும், கல்யாணத்துக்கு தனி டேபிள், அவ்ளோதான். அண்ணன், பேத்தி, மருமகள் எல்லாம் அதுலருந்து கணக்குப் போட்டு வந்துரும். இன்னொண்ணு, நம்ம பக்கம் அக்கா மகளைக் கட்டுறது உண்டுல்ல, அங்க பொறக்குற பிள்ளைக்கு ஒரே ஆள் அப்பா வழில தாத்தா, அம்மா வழில பூட்டன், இதை ஒரு கட்டத்துல எப்படி எழுதுவீங்க? முன்னோரை எடுக்க வித் ரிகர்சிவ் போடுங்க, அப்பா, அவருக்கு அப்பான்னு தானாவே மேல ஏறிப் போற எஸ்க்யூஎல் கட்டளை அது (டேட்டாபேஸ் சாஃப்ட்வேர்ல மைஎஸ்க்யூஎல்ல 2018ல வந்த 8.0லருந்து உண்டு, எஸ்க்யூலைட்ல 2014லயே வந்துருச்சு), ஆனா அதுக்குள்ள ஒவ்வொரு தலைமுறையையும் சேக்க யூனியன் ஆல் போட்டா அந்தத் தாத்தா ரெண்டு தடவை வந்து நிப்பாரு, வெறும் யூனியன் போடுங்க, அது ஒரே மாதிரி வந்ததை ஒண்ணாக்கிரும். தலைமுறை நம்பரையும் சேத்து எடுத்தீங்கன்னா அப்பவும் ரெண்டு தடவைதான், அது தப்பில்ல, அவர் நெசமாவே ரெண்டு முறைதான்.

அடுத்தது, யார் எந்த வீட்டுலங்கறதை நபர் டேபிள்ல வைக்காதீங்க. நபர் ஐடி, வீடு ஐடி, சேந்த தேதி, விலகுன தேதின்னு தனி டேபிள் போடுங்க. பொண்ணு கட்டிக்குடுத்துப் போனா பழைய பதிவுல விலகுன தேதி, புது வீட்டுக்கு புது பதிவு, எதையும் அழிக்க வேண்டாம். நான் மொத வருஷம் மேலயே திருத்தி வச்சிருந்தேன், ஒரு சித்தப்பா வந்து "போன வருஷம் எங்க வீட்டுல எத்தனை வரிப்பா வாங்குனீங்க, இப்ப என்ன ஒண்ணு கூட இருக்கு"ன்னு கேக்க, பதில் சொல்ல என்கிட்ட ஒண்ணும் இல்ல, பழைய நோட்டைத் தேடி ஓடுனேன்.

சில்லறை விஷயம்: ஆளைப் பிரிச்சுக் காட்டுற அடையாளமா (கீ) பேரை வைக்காதீங்க, பேரனுக்கு தாத்தா பேரைத்தான் வைப்பாங்க. போன் நம்பரும் ஆகாது, மூணு பேருக்கு ஒரே நம்பர். லாஸ்ட் நேம் கட்டாயம்னு போட்டு உசுர எடுக்காதீங்க, இனிஷியலுக்கு ஒரு கட்டம் போதும். வயசை எழுதாம பொறந்த தேதியை எழுதுங்க. பெருசுங்க பாதிப் பேருக்கு ஸ்கூல்ல வாத்தியார் போட்ட தேதிதான், அதனால பக்கத்துலயே 'உத்தேசம்'னு ஒரு டிக்.

ஆதார் நம்பர் வேண்டவே வேண்டாம். எங்க கூட்டத்துலயும் ஒருத்தர் வாங்கிப் போடலாம்னாரு. வரி வாங்க அது எதுக்குண்ணேன்னு கேட்டேன், விட்டுட்டாரு.