ஆலை வாசல்: வாசகர் கேள்வி, பதில்

(பதில் எழுதுபவர் ஓசூரில் 31 ஆண்டுகள் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், முன்னாள் சங்கப் பொருளாளர்)

கேள்வி: 2011இல் நியூயார்க்கில் வால் ஸ்ட்ரீட் நிறுவனங்களின் பேராசையை எதிர்த்து இளைஞர்கள் ஒரு பூங்காவில் குடியேறியதைப் பற்றிக் கல்லூரியில் விவாதித்தோம். ‘வேலையும் சம்பளமும் உள்ள தொழிற்சங்கக்காரர்களுக்கு அங்கே என்ன வேலை?’ என்று தோழி கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.
- மாணவி, பென்னாகரம்

பதில்: உங்கள் தோழி கேட்டதை எங்கள் சங்கப் பொதுக்குழுவிலேயே கேட்டவர்கள் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

செப்டம்பர் 17 அன்று சுக்கோட்டிப் பூங்காவில் அமர்ந்தவர்கள் சொன்ன கணக்கு இதுதான்: 2008இல் கவிழ்ந்த வங்கிகளை அரசுப் பணம் தூக்கி நிறுத்தியது; வீட்டுக் கடன் கட்ட முடியாதவனுக்குக் கைகொடுக்க ஆள் இல்லை. பணம் குவிந்திருப்பது மேல்தட்டு ஒரு சதவீதத்திடம், ‘நாங்கள் 99 சதவீதம்’ என்றார்கள். நகரப் பேருந்து, சுரங்க ரயில் தொழிலாளர் சங்கம் அந்த மாதமே ஆதரவுத் தீர்மானம் போட்டது. தீர்மானம் போடுவது சுலபம். நாங்கள் கியூபாவுக்கே போட்டிருக்கிறோம். சோதனை அக்டோபர் 1 அன்று வந்தது. புரூக்ளின் பாலத்தில் 700 பேருக்கு மேல் கைது. ஏற்றிச் செல்ல நகரப் பேருந்துகளை ஓட்டிவரச் சொன்னது போலீஸ். தங்கள் சங்கம் யாரை ஆதரித்ததோ அவர்களையே கைதிகளாக ஏற்றிக்கொண்டு ஓட்டுநர்கள் போக வேண்டியதாயிற்று. சங்கம் நீதிமன்றம் போனது, தடை கிடைக்கவில்லை. ஆனால் ‘இந்த வேலைக்கு எங்களைக் கூப்பிடாதே’ என்று சங்கம் சொன்னது வழக்குக் கட்டில் ஏறிவிட்டது. அக்டோபர் 5 அன்று ஆசிரியர்களும் செவிலியர்களும் சேர்ந்து ஆயிரக்கணக்கில் ஊர்வலம் வந்தார்கள்.

எனக்குப் பிடித்தது அக்டோபர் 14தான். பூங்காவைக் கழுவ வேண்டும், எல்லோரும் எழுந்து போங்கள் என்று உத்தரவு. எழுந்தால் திரும்ப உட்கார முடியாது என்று தெரியாதா? இரவோடு இரவாகத் துடைப்பம் வாங்கித் தாங்களே பெருக்கிக் கழுவினார்கள். விடியும் முன்பே சங்கத்தார் வந்து கூட்டத்தோடு நின்றார்கள். கழுவும் வேலை தள்ளிப்போயிற்று.

இப்போது எங்கள் பொதுக்குழு. எங்கள் ஆலையில் ஒருமுறை 43 நாள் கதவடைப்பு. மூன்றாவது வாரம் உண்டியலும் காலி. அப்போது ராயக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள் ஒரு டெம்போவில் தக்காளிக் கூடைகளைக் கொண்டுவந்து பந்தலில் இறக்கினார்கள். ‘விலை இல்லாமல் ரோட்டில் கொட்டுகிறோம், உங்களுக்கே கொட்டிவிட்டுப் போகிறோம்’ என்றார் ஒரு பெரியவர். பத்து நாள் களியும் தக்காளிக் குழம்பும்தான். அடுத்த ஆண்டு அவர்கள் விலை கேட்டு மறியலில் உட்கார்ந்தார்கள். எங்கள் பொதுக்குழுவோ, ‘அது நம் கோரிக்கை அல்ல’ என்று முடித்துவிட்டது. ஏழு பேர் மட்டும் போனோம். அந்தப் பெரியவர் ‘மற்றவர்களுக்கு ஷிப்டா?’ என்று கேட்டார். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

கேள்வி: அந்தப் பூங்காப் போராட்டத்தால் கிடைத்தது என்ன?
- வாசகர், காவேரிப்பட்டணம்

பதில்: நவம்பர் 15 அன்று நள்ளிரவில் கூடாரங்களை அகற்றிவிட்டார்கள். கையில் எதுவும் கிடைக்கவில்லை. மறு ஆண்டு நவம்பரில் அதே நகரில் துரித உணவுக் கடைத் தொழிலாளர்கள் மணிக்கு 15 டாலரும் சங்கமும் கேட்டு வேலையை நிறுத்தினார்கள். அப்போது குறைந்தபட்சக் கூலி 7.25 டாலர். கேட்டவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். 2016இல் அந்த மாநிலமே 15 டாலரைப் படிப்படியாகத் தரச் சட்டம் இயற்றியது. பூங்காவில் விதைத்தது கடையில் முளைத்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பக்கத்து வயல்தான்.

கேள்வி: நான் ஒப்பந்தத் தொழிலாளி. அதே இயந்திரம், அதே ஷிப்ட், பாதிக்கும் குறைவான சம்பளம். நிரந்தரத் தொழிலாளர்கள் எங்களைச் சங்கத்தில் சேர்ப்பதில்லை. மே தின ஊர்வலத்துக்கு மட்டும் கூப்பிடுகிறார்கள். போகலாமா?
- வாசகர், ஓசூர்

பதில்: ‘போகாதீர்கள்’ என்றுதான் முதலில் எழுதினேன், பிறகு அடித்தேன். போங்கள். ஆனால் கொடியை வாங்கும் முன், ‘எங்கள் சம்பளம் உங்கள் கோரிக்கைப் பட்டியலில் எத்தனையாவது?’ என்று செயலாளரிடம் நாலு பேர் காதில் விழும்படி கேளுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் போடுகிறேன்.